கோடிச் சேலையின் பின்புறம்

எழுதத் தொடங்கும்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரையும், பிறகு இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம் வரையும் படித்தவள் நான். கடிதம் எழுதியே பல காலம் ஆகிவிட்டது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவும் எனக்குக் கூச்சம். வீட்டு வாசலில் யாராவது அழைத்தால் என் வீட்டுக்காரர்தான் போய்ப் பேசுவார். இப்படிப்பட்டவள் புத்தகம் எழுதுகிறவர்களுக்கு நடுவில் வந்து உட்காருவது சரியில்லை என்று எனக்கே தெரிகிறது. அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்றும் இருந்தது. நான் சொல்லப்போவது இன்னொரு குடும்பத்தின் சாவு வீட்டைப் பற்றி. அந்தக் குடும்பத்து அக்காவுக்குப் போன் செய்து கேட்டேன்.

"எழுதிக்கம்மா. யாரு பேரும் போட்டுடாத, அது போதும்" என்றார்.

ஆகவே இதில் யார் பெயரும் இல்லை. என் பெயரும் வேண்டாம்.

நான் மெஷினில் எம்பிராய்டரி போடுகிறவள். ஆயர் குரோ பக்கம் ஒரு தாமானில், வரிசை வீடுகள் கட்டிய குடியிருப்பில், எங்கள் வீடு. முன்னறையில் மெஷின் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டை, கடைக்காரர்களின் டி-சட்டை, கோயில் தொண்டர்களின் சட்டை, குழந்தைத் துண்டு என்று வருவதைத் தைத்துக் கொடுக்கிறேன். அதற்கு முன் செங் என்ற ஊரில் ஒரு ஃபேக்டரியில் பல வருடம் வேலை. தொப்பியிலும் வேலைச் சட்டையிலும் கம்பெனிச் சின்னம் போடும் இடம் அது. ஒரே நேரத்தில் பல தொப்பிகளைத் தைக்கும் பெரிய மெஷின்கள் வரிசையாக நிற்கும். அந்த வேலையை வேறு நாட்டுக்குக் கொண்டு போனபோது எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே கற்றுக்கொண்டதை வைத்துத்தான் இன்றும் என் பிழைப்பு நடக்கிறது.

எம்பிராய்டரியைப் பார்க்கிறவர்கள் நூலைப் பார்ப்பார்கள், நிறத்தைப் பார்ப்பார்கள். துணிக்கு அடியில் என்ன வைத்துத் தைத்தோம் என்று யாரும் கேட்பதில்லை. ஊசி ஒரே இடத்தில் ஆயிரம் முறை இறங்கி ஏறினால் எந்தத் துணியும் சுருங்கிக் கோணிக்கொள்ளும். சுருங்காமல் பிடித்துக்கொள்ள அடியில் ஒன்று வேண்டும். விற்கிறவர்கள் அதை ஸ்டெபிலைசர் என்கிறார்கள். ஃபேக்டரியில் நாங்கள் எல்லாவற்றுக்கும் பேப்பர் என்றே சொல்லுவோம். கிழிக்கிற பேப்பர், வெட்டுகிற பேப்பர், கரைகிற பேப்பர்.

கிழிக்கிற பேப்பர் தடித்த துணிக்கு. தைத்து முடித்ததும் பின்புறமிருந்து கிழித்து எடுத்துவிடலாம். வெட்டுகிற பேப்பர் இழுத்தால் நீளும் துணிக்கு. சுற்றிலும் கத்தரியால் வெட்டிவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். துணி கிழியும் வரை அது கூட இருக்கும். கரைகிற பேப்பர் வெந்நீரில் போட்டால் கரைந்து காணாமல் போய்விடும். பின்புறம் தெரிகிற மெல்லிய துணிக்கு அதுதான் பொருத்தம். இதைத் தவிர வலை போல ஒன்று இருக்கிறது. அதுவும் வெட்டுகிற வகைதான், ஆனால் மெல்லிசு. குழந்தைச் சட்டைக்கு வைப்போம், உடம்பில் உறுத்தாது. துணியைத் தொட்டவுடன் எந்தப் பேப்பர் என்று கைக்குத் தெரிந்துவிடும். அதற்காக நான் உட்கார்ந்து யோசித்தது கிடையாது, அந்த வியாழக்கிழமை வரை.

அன்று மதியம் வாசலில் ஒரு காடி வந்து நின்றது. அறுபதை ஒட்டிய ஒரு அம்மாள் இறங்கினார். ஓட்டி வந்தவர் அவர் மகன். மகனை எனக்குத் தெரியும். லூபோக் சீனா பக்கம் ஒரு தோட்டத்துக் கோயிலுக்குத் தொண்டர் சட்டையில் எம்பிராய்டரி போட்டு வாங்கிப் போனவர். அம்மாவை இறக்கிவிட்டு, "அஞ்சு மணிக்கி வரேன் அக்கா, வேன் ஏற்பாடு பண்ணணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். நான்தான் பேச வேண்டியிருந்தது.

அந்த அக்கா கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். கையில் ஒரு துணிக்கடைப் பை.

"உள்ள வரலாமாம்மா? நான் சாவு வீட்டு ஆளு. எந் தங்கச்சி காலையில ஆஸ்பத்திரில தவறிட்டா."

"வாங்கக்கா" என்றேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

பையிலிருந்து ஒரு வெள்ளை வாயில் சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மெல்லிய வெள்ளைக் கரை. உள்ளே கை விட்டால் ரேகை தெரியும், அவ்வளவு மெல்லிசு. அதில் ஒரு சிலுவை போட வேண்டும், நாளைக்கு மதியத்துக்குள் வேண்டும் என்றார். பிறகு மெதுவாக முழுவதையும் சொன்னார்.

அவர் தங்கை இளம் வயதில் ஒரு கிறிஸ்தவப் பையனை விரும்பிக் கட்டிக்கொண்டவர். தோட்டத்தில் அதைப் பெரிய தப்பாகப் பேசினார்கள். அவர்களுடைய அப்பா, "இனிமே எங்க வூட்டுலேருந்து ஒரு மொழத் துணி உனக்கு வராது" என்று பெண்ணிடம் சொல்லிவிட்டார். சொன்னபடியே நடந்துகொண்டார். கல்யாணத்துக்குச் சேலை போகவில்லை, வளைகாப்புக்குப் போகவில்லை, பிள்ளை பிறந்தபோதும் போகவில்லை. அப்பா போய், அம்மா போய், இருந்த ஒரே தம்பியும் போன பிறகு அக்கா மட்டும் எப்போதாவது செங்குக்குப் போய் தங்கையைப் பார்த்துவிட்டு வருவார். போகும்போது பழம் வாங்கிப் போவார். துணி எடுத்துப் போக மட்டும் கை வரவில்லை.

"போன வாரம் ஆஸ்பத்திரில என் கையப் புடிச்சிக்கிட்டா. 'அக்கா, நான் போனா நம்ம வூட்டுத் துணி எம்மேல வருமா'ன்னு கேட்டா. வரும்னு சொல்லிட்டேன்."

எங்களில் ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடி வர வேண்டும். அண்ணன் தம்பி கொண்டு வந்து போர்த்துவார்கள். அது வரவில்லை என்றால் நாதியற்றவள் என்று பேச்சு வரும். கடையிலிருந்து வந்தது வந்தபடி, நனையாமல் இருப்பதுதான் கோடி. ஒரு தரம் தண்ணீரில் நனைத்துவிட்டால் அது வெறும் புதுத்துணி. கிறிஸ்தவர்களிலும் பல வீடுகளில் கோடி உண்டு. ஆனால் தங்கை வாழப்போன வீட்டில் இல்லை.

"காலையில போன் போட்டேன். அவ நாத்தனாதான் எடுத்தாங்க. புருசனோட அக்கா, அந்த வூட்ல அவங்க வச்சதுதான் சட்டம். 'எங்க வீட்ல கோடி கீடி எல்லாம் கெடையாது லா. சிலுவை போட்ட துணியா இருந்தா கொண்டாங்க, பாக்கலாம்'னாங்க. நான் உடனே மகனக் கூப்புட்டுக்கிட்டு டவுனுக்குப் போய் சேலை எடுத்துட்டேன்."

அந்த நாத்தனார் பேச்சை முடிப்பதற்காக அப்படிச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. இந்த அக்கா அதை அப்படியே வாக்காக எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சேலையைத் தொட்டுப் பார்த்தேன். கை தானாகக் கரைகிற பேப்பர் இருக்கும் தட்டுக்குப் போனது.

"அது என்னாம்மா?"

"பேப்பர்க்கா. அடியில வச்சித் தெச்சிட்டு, வெந்நீர்ல அலசிட்டா கரைஞ்சிடும். பின்னாடி ஒண்ணும் தெரியாது."

"அய்யோ, தண்ணியா?" என்று சேலையை மடியோடு இழுத்துக்கொண்டார். "தண்ணி படக் கூடாதும்மா. கோடி லா இது."

பேப்பரைத் திரும்ப வைத்துவிட்டேன். அப்போதுதான் வேலை எவ்வளவு கடினம் என்று உறைத்தது. அந்தத் துணிக்கு உரிய ஒரே பேப்பர் கைவிட்டுப் போய்விட்டது.

பொதுவாகச் சேலையோடு வரும் ரவிக்கைத் துண்டை வெட்டி அதில் தைத்துப் பார்ப்பேன். கோடியைக் கத்தரிக்கக் கூடாது என்றார் அக்கா. என்னிடம் ஒரு பழைய வெள்ளை வாயில் துப்பட்டா இருந்தது. அதை எடுத்து வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கிழிக்கிற பேப்பர் வைத்தால் தையல் நன்றாகத்தான் விழுந்தது. ஆனால் பேப்பரைக் கிழிக்கும்போது வாயில் இழைகள் விலகிக்கொண்டன. ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக வந்தது. தடித்த வெட்டுகிற பேப்பர் வைத்தபோது தையல் அசையவில்லை. முன்பக்கம் திருப்பினால் சிலுவைக்குப் பின்னால் சதுரமாக ஒரு வெள்ளைத் திட்டு, சுவரில் சுண்ணாம்பு பூசிய மாதிரி. இஸ்திரிச் சூட்டில் உருகிப் போகிற வகையும் ஒன்று உண்டு. அதற்குத் தண்ணீர் வேண்டாம். அது என்னிடம் இல்லை. கோலாலம்பூரில் சொல்லி வரவழைக்க வேண்டும், நாட்கள் ஆகும்.

கடைசியில் வலைப் பேப்பரை எடுத்தேன். துப்பட்டாவுக்கு அடியில் வைத்துச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். இருக்கிறது என்று தெரிந்து தேடினால் மட்டும் தெரிந்தது. தையலும் சுருங்கவில்லை.

பேப்பரைத் துணியோடு ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்பிரே அடிப்பேன். டப்பாவைக் கையில் எடுத்ததும் அக்கா கேட்டார்.

"அதுல தண்ணி இருக்கா?"

"பசைக்கா."

"பசையில தண்ணி இருக்காதா?"

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் வேறு மொழியில் இருந்தது. தெரியாததைத் தெரியும் என்று சாவு வீட்டு ஆளிடம் சொல்ல வாய் வரவில்லை. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, "நூலால சுத்திப் புடிச்சிக்கலாம்க்கா" என்றேன்.

அக்கா சேலையின் முந்தானையை மேசையில் விரித்தார். போர்த்தினால் நெஞ்சு மேல் வர வேண்டும் என்று தன் உடம்பில் வைத்து அளந்து பார்த்தார். நான் துணியில் குறி போடும் நீலப் பேனா மேசையில் கிடந்தது. "இங்க வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே அதை எடுத்தார்.

அந்தக் கை போவதைப் பார்த்தேன். வேண்டாம் என்ற சொல் வாய்க்குள் வந்தது, வெளியில் வரவில்லை. அவர் குறுக்கே ஒரு கோடு, நேராக ஒரு கோடு இழுத்துவிட்டார். ஒவ்வொரு கையும் நடுவிரல் நீளம்.

"அக்கா, அந்த மை தண்ணி பட்டாத்தான் போகும்."

பேனாவைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். "வெயில்ல வச்சா?"

"போகாதுக்கா. இஸ்திரி போட்டா இன்னும் கெட்டியா நின்னுக்கும்."

"எச்சித் தொட்டு…" என்று தொடங்கியவர், "சே, எச்சித் துணி ஆயிடும்" என்று தானே நிறுத்திக்கொண்டார். சேலையின் மறு முனையில் போடலாம் என்று சொன்னேன். தலையை அசைத்தார். "கறையோட ஒரு கோடியா? அந்தம்மா பிரிச்சிப் பாக்காம இருப்பாங்களா?" பேனாவை வைத்துவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பன் வராதுன்னு சொன்ன துணி. எங் கையாலயே கெடுத்துட்டேன் பாரு."

சேலையை என் பக்கம் இழுத்து அந்தக் கோடுகளைப் பார்த்தேன்.

"மூடிடலாம்க்கா. மை மேலயே தெச்சிடலாம். ஆனா நீங்க போட்டது சிலுவை மாதிரி இல்ல. சிலுவைக்குக் கீழ்க் கால் நீளமா இருக்கும். நீங்க நாலு பக்கமும் ஒரே அளவு போட்டிருக்கீங்க."

அக்கா குனிந்து பார்த்தார். "கிளினிக் போர்டுல இருக்கிற மாதிரி போட்டுட்டேனா?"

"ஆமாக்கா."

"கெட்டது போ. அந்தம்மா பாத்தா, மருந்து குடுக்க வந்தியான்னு கேப்பாங்க" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. முந்தானையால், அந்தச் சேலையின் முந்தானையால், கண்ணைத் துடைக்கப் போனவர் சட்டென்று அதை விட்டுவிட்டுத் தன் தோள் துணியைப் பிடித்துக்கொண்டார். கண்ணீரும் தண்ணீர்தான் என்று நினைத்திருக்க வேண்டும். நான் ஒரு கைக்குட்டை கொடுத்தேன்.

அதன் பிறகு மெஷின் திரையில் சிலுவையை வரைந்தேன். கீழ்க் காலை மை முடியும் இடத்தையும் தாண்டி நீட்டினேன். பக்கத்துக் கைகள் இரண்டும் அந்த உயரத்துக்கு அதிக நீளம். அவற்றைக் குறைத்தால் மையின் நுனி வெளியே தெரியும். அந்த இரண்டு நுனிகளின் மேலும் ஒரு சின்னப் பூ வைத்தேன். மேல் நுனியிலும் ஒன்று.

"என்னா பூ அது?"

"மெஷினுக்குள்ளயே இருக்கிற பூக்கா. பேரு தெரியாது."

"பூன்னா பூதான்" என்றார்.

இன்னொரு சிக்கல் இருந்தது. வெள்ளை நூலுக்கு அடியில் நீலம் தெரியக் கூடாது என்றால் தையல் நெருக்கமாக விழ வேண்டும். நெருக்கமான தையலை அவ்வளவு மெல்லிய துணி தாங்காது. ஒற்றை வலைப் பேப்பரும் தாங்காது. துப்பட்டாவில் அதே போல மைக் கோடு போட்டு மறுபடியும் தைத்துப் பார்த்தேன். நடுவில் துணி குழிந்துவிட்டது. ஃபேக்டரியில் ஒரு சூப்பர்வைசர் மெல்லிய துணிக்கு இரண்டு பேப்பர் வைக்கச் சொல்லுவார். ஒன்று நீளவாக்கில், இன்னொன்று குறுக்கே. பேப்பருக்கும் ஓட்டம் உண்டு. ஒரு பக்கம் இழுத்தால் கொஞ்சம் நீண்டு கொடுக்கும், மறு பக்கம் கொடுக்காது. குறுக்கே வைத்தால் ஒன்று கொடுக்கிற பக்கத்தை மற்றது பிடித்துக்கொள்ளும். அப்படி வைத்து இன்னொரு முறை பார்த்தேன். குழியவில்லை. நீலமும் தெரியவில்லை.

பேப்பர் இரண்டையும் சேலையோடு நூலால் சுற்றிப் பிடித்து, துணியை இழுத்துப் பிடிக்கும் வட்டச் சட்டத்தில் பூட்டினேன். மேசை மேல் இருந்த தேநீர்க் கோப்பையை அக்காவே எடுத்துக்கொண்டு போய் அடுக்களையில் வைத்துவிட்டு வந்தார். நீராவி இஸ்திரிப் பெட்டியையும் தூரத் தள்ளி வைத்தேன். மெஷினை ஓடவிட்டேன்.

"என்னா சத்தம் இது, சண்டை புடிக்கிற மாதிரி" என்றார் அக்கா. ஆனாலும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. ஊசி போகும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நீலக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக மறைந்து வந்தது. கடைசிப் பூ முடிந்து மெஷின் நின்றதும் சட்டத்திலிருந்து சேலையைக் கழற்றினேன்.

பின்புறம் திருப்பிப் பேப்பரைச் சுற்றிலும் வெட்டினேன். தையலுக்கு மிக அருகில் வெட்டினால் நாளடைவில் பிரியும்; ஒரு விரல் அகலம் விட வேண்டும், மூலைகளை வளைவாக வெட்ட வேண்டும். நாளடைவு என்ற ஒன்று இந்தச் சேலைக்கு இல்லை. இருந்தாலும் ஒரு விரல் விட்டுத்தான் வெட்டினேன்.

அக்கா அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "இத எடுக்க மாட்டியா?"

"எடுத்தா சுருங்கிடும்க்கா. இது கூடவே இருக்கணும்."

"அவளோடயே போவுமா?"

"ஆமாக்கா."

"இது தண்ணி பட்டதா?"

"இல்லக்கா. கடையில இருந்து வந்தபடிதான்."

"அப்ப இதுவும் கோடிதான்" என்றார்.

சட்டம் பூட்டிய தழும்பு துணியில் வட்டமாக இருந்தது. சூடு பட்டால் அடியில் இருக்கும் மை கெட்டியாகி நூல் வழியாகத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் இஸ்திரி போடவில்லை. இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து மேலே நூல் பெட்டிகளை அடுக்கினேன். ஐந்து மணிக்கு மகன் வந்தபோது தழும்பு பாதி போயிருந்தது. அட்டையோடு பையில் போட்டுக் கொடுத்தேன்.

வாசல் வரை போன அக்கா திரும்பி வந்தார். "நாளைக்கி நீயும் வாம்மா. பின்னாடி இருக்கறது என்னான்னு அந்தம்மா கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. என்னமோ மந்திரிச்சி வச்சித் தெச்சிருக்கேன்னுவாங்க."

வர முடியாது என்று சொல்ல நினைத்தேன். சரிக்கா என்றுதான் சொன்னேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மதியம் என் வீட்டுக்காரர் என்னைச் செங்குக்கு அழைத்துப் போனார். வழியெல்லாம், யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அங்கே ஒரு தாமானில் தங்கை வீட்டுக்கு முன்னால் பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். பாட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்திலிருந்து ஒரு வேன் வந்திருந்தது. அதில் வந்தவர்கள் எல்லாரும் பந்தலின் ஓரத்தில் ஒன்றாக நின்றார்கள். அக்கா அட்டையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

கூடத்தில் பெட்டி திறந்திருந்தது. அந்தத் தங்கையை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். சந்தன நிறப் பட்டுச் சேலை உடுத்தி, கையில் ஜெபமாலை சுற்றியிருந்தார்கள். அக்காவின் மூக்கு அப்படியே அவருக்கும். தலைமாட்டில் அவர் கணவர் உட்கார்ந்திருந்தார். எதையும் பார்க்காத கண். பக்கத்தில் நின்ற வயதான அம்மாள்தான் நாத்தனார் என்று சொல்லாமலே தெரிந்தது. பாட்டு நிற்பதும் தொடங்குவதும் அவர் தலையசைப்பில் நடந்தது.

அக்கா முன்னால் போனார். நான் பின்னால் போனேன்.

"தட்டு கிட்டு, மஞ்சள் குங்குமம் எதுவும் வேணாம்னு சொன்னேனே" என்றார் நாத்தனார்.

"தட்டு இல்லீங்க. துணி மட்டுந்தான். நீங்க சொன்ன மாதிரி சிலுவை போட்டிருக்கு."

நாத்தனார் தான் சொன்னதை ஞாபகப்படுத்திப் பார்த்தார் போல. பிறகு கையை நீட்டி வாங்கினார். அட்டையை எடுத்துவிட்டு முந்தானையை விரித்தார். சிலுவையை விரலால் மேலிருந்து கீழாகத் தொட்டுப் போனார். பூக்களைப் பார்த்தார். திருப்பினார்.

"பின்னால என்ன இது, வெள்ளையா ஒட்டியிருக்கு?"

அக்கா என்னைப் பார்த்தார். கூடத்தில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அது தாங்கறதுக்குங்க. அது இல்லன்னா தையல் சுருங்கிடும்."

"எடுக்க முடியாதா?"

"முடியாதுங்க."

"கழுவுனா போயிடுமே. என் மருமவ தெச்சதெல்லாம் கழுவுனா போயிடுது."

"அது வேற பேப்பருங்க. இது கழுவலங்க. தண்ணியே படல."

வழியெல்லாம் தயார் செய்ததில் இந்தச் சொல் இல்லை. சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. நாத்தனார் சேலையிலிருந்து கண்ணை எடுத்தார். அவரும் நம் ஆள்தான். அவருடைய தாத்தாவும் என் தாத்தாவும் ஒரே மாதிரிக் கப்பலில் வந்தவர்கள். தண்ணீர் படாத துணி என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கோடியாவே கொண்டாந்துட்டீங்க" என்றார் அக்காவிடம்.

அக்கா பொய் சொல்லவில்லை. "ஆமாங்க" என்றார். "ஆஸ்பத்திரில அவ கேட்டா. நான் வரும்னு சொல்லிட்டேன்."

பாட்டு நின்றிருந்தது. சேலை இன்னும் நாத்தனார் கையில்தான் இருந்தது. அதைத் திரும்ப மடித்துக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். என் ஒரு சொல்லால் எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அக்கா கையை நீட்டவும் இல்லை, நகரவும் இல்லை.

கணவர் தலைமாட்டிலிருந்து, "அக்கா, எங்கிட்டயும் அவ கேட்டா, 'எங்க வூட்டுத் துணி வருமா'ன்னு" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. நாத்தனாரிடம்தான் சொன்னார் என்று பிறகு தோன்றியது.

நாத்தனார் கொஞ்ச நேரம் தம்பியைப் பார்த்தார். பிறகு அக்காவிடம் திரும்பினார். குரல் குறைந்திருந்தது. ஆனாலும் கண்டிப்பு குறையவில்லை.

"இப்ப ஃபாதர் வருவாரு. செபம் சொல்லி தீர்த்தம் தெளிப்பாரு. இந்தத் துணி மேலதான் தண்ணி படும். அப்புறம் எங்கிட்ட வந்து கோடி நனைஞ்சிடுச்சின்னு சொல்லக் கூடாது. பரவாயில்லையா?"

நேற்று முழுவதும் அந்தத் துணியைத் தண்ணீருக்குக் காட்டாமல் வைத்திருந்தோம். கண்ணீருக்குக்கூடக் காட்டவில்லை. அக்கா என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியவில்லை.

"அவ மேல போடற வரைக்கும்தாங்க அது கோடி. போட்டுட்டா அவ துணி. என்னா தண்ணி வேணும்னாலும் படட்டும்" என்றார் அக்கா.

நாத்தனார் ஒரு முனையை அக்காவிடம் கொடுத்தார். மறு முனையைத் தானே பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாகச் சேலையைப் பாதத்திலிருந்து நெஞ்சு வரை போர்த்தினார்கள். சிலுவை கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. நாத்தனார் ஓரத்தைப் பிடித்து இழுத்து நேராக்கினார். தோட்டத்திலிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து பெட்டியைச் சுற்றி நின்றார்கள். அவர்களில் ஒரு பெரியம்மா ஒப்பாரி வைக்கத் தொடங்கினார். அது எந்தச் சாமிக்கு உரியது என்று யாரும் கேட்கவில்லை.

ஃபாதர் வந்தார். செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். சொட்டுகள் விழுந்த இடத்தில் வாயில் நனைந்து, அடியில் இருந்த பட்டின் நிறம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. அக்கா கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியை மூடினார்கள். மாதா கோயிலுக்கும் கல்லறைக்கும் போக வண்டிகள் புறப்பட்டன. அக்கா முதல் வண்டியில், நாத்தனாருக்குப் பக்கத்தில் ஏறினார். நாங்கள் போகவில்லை. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தோம்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கினேன். ஒரு ரொட்டிக் கடைக்காரர் ஏப்ரன்களில் கடைப் பெயர் போடக் கொடுத்திருந்தார். தடித்த துணி, கிழிக்கிற பேப்பர் போதும். மாலைக்குள் தைத்து முடித்தேன்.